மூக்கத்தை அப்பா வழியா, அம்மா வழியா?

ஊமைப் படத்துக்கு வாயாக இருப்பதைப் போல வசதியான தொழில் வேறு கிடையாது. படம் எதையும் தப்பாகச் சொல்லிவிடாது, தப்பெல்லாம் நம்முடையதாகவே இருக்கும். ஒருவர் பேச்சை இன்னொருவருக்குச் சொல்லிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். கோர்ட்டில் துவிபாஷியாக இருந்திருப்பீர்கள், அல்லது தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நின்றிருப்பீர்கள். எப்படியானாலும் நீங்கள் என் பங்காளி.

இருபதுகளில் ரங்கூனில், லத்தா பேட்டையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் பயாஸ்கோப் காட்டினார்கள். திரைக்கு அருகே ஒரு முக்காலியில் ஏறி நின்று, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, திரையில் விழும் இங்கிலீஷ் எழுத்தைத் தமிழில் கத்துவது என் வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வரும் இன்சீன் ரயில் பட்டறைக்காரர்களும்தான் எங்கள் ரசிகர்கள். அவர்களுக்குப் படம் பிடிக்காவிட்டால் படத்தை எடுத்தவனைத் தேடிச் சீமைக்குப் போகமாட்டார்கள். முக்காலி பக்கத்திலேயே இருந்தது.

லேபிள் இங்கிலீஷ்

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. லத்தாவில் ஒரு சீனர் கடையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியதை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து இங்கிலீஷ் கற்றேன். ஆகவே 'உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பதை எனக்கு நாலு விதமாகச் சொல்லத் தெரியும். 'சௌக்கியமா' என்று கேட்கத் தெரியாது. அச்சில் இருந்தால் மெதுவாகப் பொருள் புரியும். வெள்ளைக்காரர் வாயைத் திறந்து பேசினால் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது.

கொட்டகை முதலாளி சேகு, குடை வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் என்னைச் சோதிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். மேஜை மேல் இருந்த பிஸ்கட் டப்பாவை நீட்டி, "படி" என்றார். அது நானே ஒட்டிய லேபிள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்; மரியாதைக்காகத் திறந்து வைத்துக்கொண்டேன். "பேசவும் வருமா?" என்று கேட்டார். எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர், மாப்பிள்ளை இங்கிலீஷ் உத்தியோகத்துக்குப் போகிறார் என்று அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "வரும்" என்றேன்.

சேகு முதலாளி டப்பாவைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "வேலை உனக்குத்தான் தம்பி. ஆனா ஒண்ணு, உனக்கு இங்கிலீஷ் தெரியலேன்னு என்னிக்கு எனக்குத் தெரியுதோ, அன்னிக்கே நீ லேபிள் ஒட்டப் போயிடணும்."

அத்தை பெற்ற பெண்

மிஸ் டாப்லி என்று ஒரு இங்கிலீஷ் நடிகை. நாடகத்திலிருந்து படத்துக்கு வந்தவர். பெயர் வரிசையில் கடைசி வரி அவருடையது. மூக்கு மட்டும் முதல் வரிசைக்குரியது. கதாநாயகிகள் படத்துக்குப் படம் மாறினார்கள், டாப்லி மாறவில்லை. ஒரு படத்தில் வாடகை வீட்டுக்காரி, ஒன்றில் பள்ளிக்கூடத் தலைமையம்மா, மற்றதிலெல்லாம் யாருக்காவது 'ஆன்ட்'. எங்கள் ஆட்களுக்குக் கதாநாயகன் முகம் ஞாபகம் இருக்காது. இந்த மூக்கு திரையில் வந்தால் கொட்டகையே விசிலடிக்கும்.

'ஆன்ட்' என்ற எழுத்து முதன்முதலில் திரையில் விழுந்தபோது எனக்கு வேர்த்தது. அத்தையா, சித்தியா, பெரியம்மாவா, மாமியா? வெள்ளைக்காரன் எல்லாரையும் ஒரே டப்பாவில் போட்டு ஒரே லேபிளை ஒட்டிவிட்டான். படத்தை முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. பெட்டி கப்பலிலிருந்து இறங்கின அன்றே திரைக்கு வந்துவிடும். யோசிக்க நேரமில்லாமல் "கதாநாயகனின் அத்தை!" என்று குழாயில் கத்தினேன். ஜனங்களுக்கு ஏக சந்தோஷம். அன்றே 'மூக்கத்தை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ரீலில் அத்தைக்கு ஒரு பெண் வந்தாள். லட்சணமான பெண். சரி, முறைப்பெண் வந்துவிட்டாள், கல்யாணம்தான் பாக்கி என்று எல்லாரும் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதாநாயகனோ தொப்பிக் கடையில் வேலை செய்யும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போனான். துறைமுகத்தில் நாற்பது ஆட்களை மேய்க்கும் முனியாண்டி மேஸ்திரி, எப்போதும் முன் பெஞ்சுக்காரர், என் முக்காலியைப் பிடித்து ஆட்டினார். "ஏன்யா, அத்தை பொண்ணு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா, இவன் எவளையோ இழுத்துக்கிட்டுப் போறான்! அந்த ஊர்ல பஞ்சாயத்துப் பண்ண ஆளே இல்லியா?"

தங்கச்சி கல்யாணம்

பட்ட அனுபவத்தை வீணாக்கக் கூடாதல்லவா? மறு படத்தில் மூக்கத்தை 'ஆன்ட்' ஆக வந்ததும் நான் உஷாரானேன். அத்தை என்று சொன்னால்தானே வம்பு? "இந்தப் படத்தில் இவங்க சித்தி! அம்மாவின் தங்கை!" என்று அடித்துச் சொன்னேன். "வேஷம் மாறிடுச்சு" என்று ஜனங்களும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். இந்தப் படத்திலும் அவளுக்கு ஒரு பெண். கதாநாயகனும் அந்தப் பெண்ணும் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். "அண்ணன் தங்கச்சி எவ்வளவு ஒத்துமை!" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது ரீலில் அண்ணன் தங்கையின் விரலில் மோதிரத்தை மாட்டினான். மாட்டிவிட்டு முத்தமும் கொடுத்தான். கொட்டகையில் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. "தங்கச்சியைக் கட்டுறதைப் பாக்கவா இன்சீன்லேருந்து ரயிலேறி வந்தோம்?" என்று யாரோ கேட்டார். நியாயமான கேள்வி. நான் பின்பக்கக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் முதலாளி அறையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சபாபதி என்று பெயர், கியாக்டடா பேட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, வெள்ளைக்கார ஜட்ஜ் பேசுவதை எழுதிக்கொள்கிறவர். என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். சிரிப்பிலேயே இலக்கணம் இருந்தது. முதலாளி சிரிக்கவில்லை. "இங்கிலீஷ் தெரிஞ்சவன் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வைப்பானா? இன்னும் ஒரு தடவை ஜனம் எழுந்திரிச்சா, அந்தக் குழாயைத் தம்பி சபாபதி கையில கொடுத்துட்டு நீ போயிடு."

எல்லாரும் டோ

மெஷின் ஓட்டும் கொ திட் பர்மாக்காரர். தமிழ் பேசுவார், தமக்கு வசதியான அளவுக்கு. என் சங்கடத்தைக் கேட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். "எங்களுக்கு அப்பா தங்கச்சியும் டோ, அம்மா தங்கச்சியும் டோ, மார்க்கெட்ல மீன் விக்கிற கிழவியும் டோ. நீயும் டோன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். நூறு இங்கிலீஷ் புத்தகம் படித்தாலும் கிடைக்காத யோசனை. அடுத்த படத்தில் மூக்கத்தை வந்தவுடன் "டோ டாப்லி வருகிறார்!" என்றேன். மேஸ்திரி விடவில்லை. "டோன்னா அப்பா வழியா, அம்மா வழியா?" என்றார்.

அந்தச் சமயத்தில் கொ திட் ரீல்களை மாற்றிப் போட்டது எனக்கு ஆண்டவன் செய்த உதவி. மூன்றாவது ரீலில் மாரடைத்துச் செத்துப்போன மூக்கத்தை, அதற்கடுத்த ரீலில் சாவகாசமாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "இவங்க செத்துப்போனவங்களோட கூடப்பிறந்தவங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். முறை என்ன என்று கேட்க எல்லாரும் மறந்துபோனார்கள். இன்னும் இரண்டு ரீல் தள்ளி, கொ திட் அந்தச் சாவு ரீலை அதற்குரிய இடத்தில் திரும்பவும் ஓட்ட, மறுபடி மூக்கத்தை செத்தாள். கொட்டகை கதறி அழுதது. ஒரே குடும்பத்தில் இரண்டு சாவு.

வெளியே வந்து கொ திட்டிடம், ரீலை மாற்றிப் போட்டு என் உயிரை வாங்கிவிட்டீரே என்றேன். அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு தடவை அழுதாங்கல்ல? முதலாளிகிட்ட சொல்லாதே, தினமும் மாத்திப் போடச் சொல்வாரு."

பெண்கள் பக்கத்திலிருந்து

இதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. என் மனைவிக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. பெண்கள் பக்கத்தில் தட்டியோரமாக உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து, நான் சொன்ன கதையையும் திரையில் நடந்த கதையையும் தனித்தனியாக எனக்குச் சொல்லிக் காட்டுவாள். அவள் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அதன் பிறகு என்னை யாரும் அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்ததில்லை.

மூக்கத்தையைப் பற்றி அவள் ஒன்று கவனித்திருந்தாள். டாப்லி கையுறையைக் கழற்றும் விதத்திலேயே மனசு தெரிந்துவிடுமாம். கோபம் என்றால் ஒரே இழுப்பு. பொய் சொல்லப் போகிறாள் என்றால் ஒவ்வொரு விரலாக, ஐந்து விரலும். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் இரண்டு விரலோடு நிறுத்திவிடுவாள். மறுநாள் நான் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. நாலு வருஷம் முக்காலியில் நின்றவனுக்குத் தெரியாதது தட்டியோரத்தில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. எழுத்துப் படிக்கத் தெரிந்தவன் நானா நீயா என்று கேட்டேன்.

"எழுத்து உங்களுக்குத் தெரியும், யாரு இல்லேன்னா?" என்றாள். "ஆனா நீங்க அதைப் படிக்கிற நேரத்துல அவங்க நடிச்சு முடிச்சிடுறாங்களே."

கடைசி வரி

ஒரு மழைக்காலத்தில் சூலே பகோடா பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வெள்ளைக்காரர் நாடகம் போடும் மண்டபத்து வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சீமையிலிருந்து சுற்றுப்பயணம் வந்த கம்பெனி. பழக்க தோஷத்தில் கடைசி வரியைப் படித்தேன். மிஸ் டாப்லி! பக்கத்தில் பொடி எழுத்தில் 'வேலைக்காரி' என்று போட்டிருந்தது.

மேல் மாடத்தில் நம்மவர்களுக்கும் இடம் உண்டு, தூணுக்குப் பின்னால். மனைவியோடு போனேன். டாப்லி அம்மாள் மூன்று தடவை வந்து, தட்டை வைத்துவிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். துரைமார் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. வேலைக்காரி தட்டை வைத்தால் கைதட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம் இல்லை போலிருக்கிறது. எங்கள் கொட்டகையாக இருந்திருந்தால் கூரைத் தகரம் பறந்திருக்கும். இதைப் போய் நானே முதலாளியிடம் சொன்னேன். வாயை வைத்துப் பிழைக்கிறவன் வாயை மூடவேண்டிய இடத்தில் மூடமாட்டான்.

சேகு முதலாளி அன்றே பூமாலையும் குதிரை வண்டியுமாகப் புறப்பட்டுப் போனார். பேச்சுத் துணைக்குச் சபாபதி. ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு வர அம்மாள் சம்மதித்துவிட்டார். திரும்பி வந்த முதலாளி என் தோளைத் தட்டினார். "அந்தம்மா மேடையில பேசுவாங்க, நீ ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லு. சபாபதி முன்னால உக்காந்து சரியான்னு பாத்துக்குவாரு. அன்னிக்குத் தெரிஞ்சுடும் தம்பி, உன் இங்கிலீஷ்."

கேள்வி

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கொட்டகையில் மூச்சுவிட இடமில்லை. மூக்கத்தை நேரில், உயிரோடு, இரண்டு தடவை செத்த பிறகும் உயிரோடு, குடையை மடக்கிக்கொண்டு மேடையேறினார். விசில் சத்தத்தில் அம்மாள் பயந்து ஓரடி பின்வாங்கினார். பிறகு பேச ஆரம்பித்தார். மழை தகரத்தில் பேசியது. அதில் எனக்குப் புரிந்த அளவுகூட அம்மாள் பேச்சில் புரியவில்லை. "ரங்கூன் ஜனங்களுக்கு நமஸ்காரம் சொல்கிறார்" என்றேன். "கப்பலில் சௌக்கியமாக வந்தாராம்" என்றேன். முன் நாற்காலியில் சபாபதியின் புருவம் மேலே போய்க்கொண்டே இருந்தது. முதலாளி படத்தைப் பார்ப்பதுபோல அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முனியாண்டி மேஸ்திரி எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. நாலு வருஷமா இந்தக் குழாய்க்காரன் எங்களைக் குழப்பிட்டான். உங்க வாயாலயே சொல்லிடுங்க. நீங்க அத்தையா, சித்தியா?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சபாபதியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டார். அவ்வளவு இங்கிலீஷிலும் அதற்கு ஒரு வார்த்தை இல்லை! எனக்குத் திடீரென்று தைரியம் வந்தது. அம்மாளிடம் திரும்பி, திரையில் படித்த மூன்றே மூன்று சொற்களைக் கொண்டு கேட்டேன்: "ஃபாதர் சிஸ்டர்? மதர் சிஸ்டர்?"

அம்மாள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்? சீனர் கடை கண்ணுக்கு முன்னால் வந்தது, பசை வாசனைகூட வந்தது. குழாயை எடுத்து, "அத்தைதான்! அப்பாவோடு கூடப்பிறந்த அத்தை!" என்று கத்தினேன். கொட்டகை எழுந்து நின்று கைதட்டியது. அம்மாள் மூக்கு தரையில் படும்படி குனிந்து வணங்கினார். சபாபதி மட்டும் நாற்காலிமேல் ஏறி, "பொய்! அவங்க அப்படிச் சொல்லவே இல்லை!" என்று கூவினார். மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "யோவ், அத்தையே ஒத்துக்கிட்டாங்க. நடுவுல நீ யாரு?"

தேத்தண்ணி நேரம்

முதலாளி அறையில் அம்மாளுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சபாபதி, அம்மாள் சொன்னதை வரி பிசகாமல் முதலாளிக்குச் சொன்னார். அம்மாளின் மூக்கைப் பார்த்துப் பத்தொன்பது வயதிலேயே நரைமுடி ஒட்டி ஆன்ட் ஆக்கிவிட்டார்களாம். கல்யாணப் பெண் வேஷம் ஒருநாளும் கொடுத்ததில்லை. இப்போது நரைக்கு ஒட்டுமுடி தேவைப்படவில்லை, அதுதான் வித்தியாசம். மேடையில் அவர் சொன்னது இதுதான்: "முப்பது வருஷமாக நான் எல்லாருக்கும் ஆன்ட். யாருடைய தங்கை என்று எந்தக் கதாசிரியரும் சொன்னதில்லை. இன்றுவரை யாரும் கேட்டதும் இல்லை."

நான் சொன்னதைவிட அது நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். அம்மாள் புறப்படும்போது ஏதாவது மரியாதையாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த லேபிள் வாக்கியம் ஒன்றைச் சொன்னேன்: "கீப் இன் எ கூல் அண்ட் டிரை பிளேஸ்." அம்மாள் தகரக் கூரையையும், ஒழுகுகிற மூலையையும், தம் நனைந்த பாவாடையையும் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சபாபதியிடம் ஏதோ கேட்டார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எனக்கு அதைத் தமிழில் சொன்னார்.

"'எனக்கு அவ்வளவு கைதட்டு வாங்கிக் கொடுத்தாரே, நான் என்னதான் சொன்னேன்? தெரிந்தால் இனிமேல் எல்லா ஊரிலும் அதையே சொல்லிக்கொள்வேன்' என்று அம்மையார் கேட்கிறார்."

தீர்ப்பு

வண்டி போனதும் தகரக் குழாயை முதலாளி மேஜை மேல் வைத்தேன். அவராகக் கேட்பதற்கு முன் கொடுத்துவிடுவது மரியாதை அல்லவா? அவர் அதை எடுத்துச் சபாபதியிடம் நீட்டினார். "தம்பி, அந்தம்மா நெசமாச் சொன்னதை இதுல ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்றார். சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்து, இலக்கணமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாலு மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். முதலாளி அதைக் கவனித்தார். குடை வியாபாரி, வானத்தைப் பார்த்து வாழ்ந்தவர்.

குழாயைத் திரும்ப வாங்கி என் பக்கம் தள்ளினார். "அவரு சொல்றதுதான் நெசம், உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அதுவும் நெசம். ஆனா நெசத்தைக் கேக்கணும்னா ஜனம் கோர்ட்டுக்குப் போயிடும், இங்க எதுக்கு வருது? நாளைக்கு ரெண்டு மணி ஆட்டம், நேரத்துக்கு வந்துடு."

வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அத்தைன்னு அவங்க சொல்லலியே?" என்றாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்? ரெண்டு விரலோட நிறுத்திட்டாங்களே. தெரியாதுன்னுதானே சொன்னாங்க, பாவம்."

அப்புறம் படங்கள் தாமாகவே பேசக் கற்றுக்கொண்டு என்னை முக்காலியிலிருந்து இறக்கிவிட்டன. அவ்வளவு பேசியும், மூக்கத்தை யாருடைய தங்கை என்பதை மட்டும் எந்தப் படமும் இன்றுவரை சொல்லாததால், அந்த விஷயத்தில் கடைசி வார்த்தை இங்கிலீஷ் தெரியாத என்னுடையதாகவே நின்றுவிட்டது.